கை தவறியது, ஈடு யாருடையது?

செயல்கள் யாவும் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பது நம் மத்ரஸாக்களில் முதன்முதலாக ஓதிக்கொடுக்கப்படும் நபிமொழியின் கருத்து. முப்பது ஆண்டுகளாக நாமும் அதை ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆனால், நல்லெண்ணத்தோடு நீட்டிய கையால் ஓர் உயிருக்கு இடர் நேருமாயின், எண்ணம் எதுவரை துணை வரும்? இந்த வினாவை நம் வீட்டுக்குள்ளேயே சந்திக்க நேர்ந்தபொழுது, கற்ற கல்வி நமக்குக் கைகொடுக்கவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

2016-ஆம் ஆண்டு. நம் தங்கை பாத்திமா பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தார். அடுத்த கட்டிலிலும் ஒரு பாத்திமா. (நம்மவர் குடும்பங்களில் பாத்திமா இல்லாத வீடு எது?) அவர் நீரிழிவு நோய்க்காரர். இரவு ஊசியோடு வந்த செவிலி, "பாத்திமா அம்மா யாருங்க?" என்று கேட்டார். அரைத்தூக்கத்தில் இருந்த தங்கை "நான்தான்" என்று கையை நீட்டினார். அடுத்த கட்டிலுக்குரிய இன்சுலின் இவர் உடலில் ஏறிவிட்டது.

சற்று நேரத்தில் நோயாளிக் குறிப்பேட்டைப் பார்த்த அச்செவிலி தம் பிழையைத் தாமே கண்டார். ஓடிச் சென்று மருத்துவரை எழுப்பினார். அதற்குள் தங்கைக்கு வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடியும்வரை அப்பெண் கட்டிலருகே அமர்ந்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்த வண்ணம் இருந்தார். ஸுப்ஹு வேளையில் ஆபத்து நீங்கியது. அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால், அந்த வியர்வையை அறுவைக்குப் பிந்திய சோர்வு என்றே அனைவரும் எண்ணியிருப்பர். தங்கையும் பிழைத்திருப்பது ஐயமே.

விடிந்ததும் நாம் செய்தது யாதெனில், கடுமையான சொற்களில் ஒரு புகார் எழுதிக் கொடுத்ததுதான். அவருடைய பெயரைக்கூட நாம் கேட்டறியவில்லை. 'இரவுப் பணியில் இருந்த செவிலி' என்றே எழுதினோம். மூன்றாம் நாள் நிர்வாகத்தார் வந்து, "அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டோம்" என்றனர். நாமும் நிறைவடைந்தோம். அன்றிரவு நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளை அவர் ஒருவரே கவனித்தார் என்பதையும், ஜவ்வாது மலையிலிருந்து படித்து வந்த பெண் அவர் என்பதையும், வீடு திரும்பும் நாளில் அங்கிருந்த ஆயாதான் சொன்னார். கேட்டுக்கொண்டோம், அவ்வளவே.

சில ஆண்டுகள் சென்றன. ஹிதாயாவில் தவறுதலான கொலை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். குறி பார்த்து விலங்கின்மீது எறிந்த அம்பு மனிதனைத் தைத்தல், உறங்குபவன் புரண்டு ஒருவனை நசுக்கிவிடுதல் முதலான எடுத்துக்காட்டுகள் அங்கே வரும். இத்தகையவன் கொலைகாரன் அல்லன். ஆயினும், இறந்தவனுடைய குடும்பத்தார் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. திருமறையின் நான்காம் அத்தியாயம் இரண்டு கடமைகளை விதிக்கிறது. ஒன்று இறைவனுக்குச் செலுத்தும் பரிகாரமாகிய கஃப்பாரா. மற்றது குடும்பத்தார்க்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகையாகிய தியத்து. முன்னதைத் தவறியவன் தானே நிறைவேற்ற வேண்டும். பின்னதை அவனுடைய 'ஆகிலா' கொடுக்க வேண்டும் என்பது இமாம்களின் தீர்ப்பு. ஆகிலா என்பது அவனுக்குப் பின்பலமாக நிற்கும் கூட்டம்.

பிழை ஒருவனுடையதாக இருக்க, பிறர் ஏன் கொடுக்க வேண்டும்? ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீ இதற்குக் கூறும் காரணம் கூர்மையானது. ஒருவன் கவனமின்றி நடப்பது தன்னைத் தாங்குவோர் உண்டு என்னும் வலிமையால்தான். அவனைக் கண்காணிக்காமல் விட்ட குறை அவர்களுடையதே என்பது அவர் கருத்தின் சாரம்.

அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இன்றைக்கு ஆகிலா யார்?" என்று கேட்டார்.

ஷாஃபிஈ மத்ஹபில் அது தந்தை வழி உறவினரைக் குறிக்கும். ஹனஃபீ இமாம்களோ, உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய திவான் என்னும் ஊதியப் பதிவேட்டைச் சான்றாகக் கொண்டு, ஒரே பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் ஒருவர்க்கொருவர் ஆகிலா என்றனர். இதை விளக்கிக்கொண்டு வரும்பொழுதே நம் குரல் தடுமாறியது. ஒரே சம்பளப் பதிவேடு! அந்த மருத்துவமனையின் பதிவேடு நம் கண்முன் வந்து நின்றது. அதில் உள்ளோர் அனைவரும் தம் ஈட்டைக் கொடாமல், ஒரு பெண்ணின் பெயரை மட்டும் அடித்துவிட்டுத் தப்பிக்கொண்டனர். அடிப்பதற்குக் கோலை எடுத்துக் கொடுத்தவர் நாம்.

மருத்துவரின் கைப்பிழையையும் நம் முன்னோர் இந்தத் தராசிலேயே நிறுத்தனர். கற்றறிந்த மருத்துவர் தவறினால் தியத்து ஆகிலாவின் மீது என்பதே பெரும்பான்மையோர் கருத்து என்றும், கலையறியாமல் மருத்துவம் பார்த்தவன் தன் சொந்தப் பொருளிலிருந்தே கொடுக்க வேண்டும் என்றும் இப்னு ருஷ்து எழுதுகிறார். அறியாதவன் மருத்துவம் பார்த்தால் அவனே பொறுப்பாளி என்பதற்கு நபிமொழியும் உண்டு. பயிற்சியில்லாப் பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி மாட்டி ஊசி போட விடும் சிறு மருத்துவமனைகள் இன்றும் நம் ஊர்களில் உள்ளன. அங்கே ஈடு உரிமையாளரின் பெட்டியிலிருந்து வர வேண்டும் என்பது நம் கருத்து.

பக்தாதில் ஹிஜ்ரி 319-இல் (கி.பி. 931) மருத்துவர் ஒருவருடைய பிழையால் ஒருவர் இறந்தார். கலீஃபா முக்ததிர் அந்த ஒருவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நகரில் மருத்துவம் பார்ப்போர் யாவரையும் தேர்ந்தறியுமாறு ஸினான் இப்னு ஸாபித்தைப் பணித்தார். 860-க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்கின்றன வரலாற்று நூல்கள். பிழை நுழைந்த வாசலைத் தேடியிருக்கிறார்கள்.

நம் தங்கையின் கட்டிலுக்குப் பிழை எந்த வாசல் வழியாக வந்தது? நோயாளியைப் பெயரோடு இன்னோர் அடையாளத்தையும் கொண்டு உறுதி செய்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே அறிவுறுத்தியது. மணிக்கட்டில் ஓர் அடையாளப் பட்டை, குறிப்பேட்டில் ஓர் எண். செலவு சில ரூபாய். அங்கே அது இல்லை. பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். அங்கே நாற்பதுக்கு ஒருவர். ஒரே பெயருடைய இருவரை அடுத்தடுத்துக் கிடத்தியவரும் அச்செவிலி அல்லர்.

"இப்படிப் பேசினால் ஒவ்வொருவரும் தம் பொறுப்பைக் கூட்டத்தின் தலையில் கட்டிவிடுவரே" என்று நம் நண்பர் ஒருவர் வாதிட்டார். அதனால்தான் கஃப்பாரா தனி மனிதனை விட்டு நீங்குவதில்லை. ஆனால் அது வேலையைப் பறிப்பதன்று. உண்மையை ஒளிக்கத் தூண்டுவதுமன்று. அமெரிக்காவின் நாஷ்வில் நகர மருத்துவமனை ஒன்றில், 2017 டிசம்பரில், அமைதியூட்டும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்து செலுத்தப்பட்டு முதியவர் ஒருவர் இறந்தார். செவிலி தம் பிழையை உடனே ஒப்புக்கொண்டார். 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கூறி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. மருத்துவமனையின் மீது குற்ற வழக்கு இல்லை. இனிப் பிழையை யார் வாய்விட்டுச் சொல்வார் என்று அந்நாட்டுச் செவிலியர் திரண்டு கேட்டனர். இறந்தவருடைய மக்களின் துயரமும் மெய்யே. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

2024-இல் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். வழியில் காவலூர் வானாய்வகத்தின் குவிமாடம் தெரிந்தது. விண்மீன்களின் ஒளியை அளக்கும் 2.3 மீட்டர்த் தொலைநோக்கி அங்கே 1986 முதல் உள்ளது. இதே மலைத்தொடரில், அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரியில், 2023 மே மாதம் பாம்பு தீண்டிய பச்சிளங்குழந்தை ஒன்று சாலையின்மையால் காலத்தே மருத்துவமனை சேராமல் இறந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் உடலைச் சுமந்து மலையேறினாள். அங்கே எந்தச் செவிலியின் கையும் தவறவில்லை. ஆகிலா முழுவதும் தவறியது.

ஆயா சொன்ன ஊர், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். அங்குள்ளோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. பெண்ணின் தந்தை சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். நாம் யார் என்பதையும், புகார் எழுதியவர் நாமே என்பதையும் சொன்னோம். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த அம்மா நல்லா இருக்காங்களா சாமி?" என்றார் பிறகு. "அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரியலையேன்னு பாப்பா ரொம்ப நாளு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

பாப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். ஊசி போடும் வேலைக்கு இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். ஊரில் காய்ச்சல் கண்டவர்களுக்கு அவர் விடுமுறையில் வந்தால்தான் முன்பெல்லாம் ஆறுதல் என்று பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்னார். பெயரையும் கைப்பேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு இறங்கினோம். அவர் கொடுத்த தேனுக்கு விலை வாங்க மறுத்துவிட்டார்.

தங்கை அந்த எண்ணில் பேசினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாம் கேட்கவில்லை. அவரைத் திரும்பப் பணிக்கு அழைக்க வேண்டும் என்றும், நோயாளிகளின் மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்ட வேண்டும் என்றும் மருத்துவமனைக்கு இரண்டாவது கடிதம் எழுதினோம். இம்முறை அவருடைய பெயரை முழுமையாக எழுதினோம். முதற்கடிதத்துக்கு மூன்று நாளில் விடை வந்தது. இதற்கு இன்னும் வரவில்லை.