ஆசைச் செலவும் குற்ற உணர்வும்

தேவைக்காக அன்றி மகிழ்ச்சிக்காகவே சேலையோ புத்தகமோ வாங்கியவர், அதன் விலையை வீட்டாரிடம் குறைத்துச் சொல்லும் வழக்கம் (விலைச்சீட்டைக் கிழித்தெறிவதும் இதில் அடங்கும்) தமிழ்க் குடும்பங்களில் அரிதன்று. பொருளியலறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் விளக்கிய ‘மனக்கணக்கு’, அதாவது ஒரே பணத்தை மனம் வாடகை, கல்வி, கேளிக்கை எனத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பார்க்கும் இயல்பு, இவ்வழக்கத்தின் பின்னுள்ள குற்ற உணர்வின் ஊற்றைக் காட்டுகிறது. கேளிக்கைக்கெனப் பையே ஒதுக்காத வீட்டில் சிறு இன்பச் செலவும் பிறிதொரு பையிலிருந்து திருடியதாகத் தோன்றும். சிக்கனத்தை மட்டுமே அறமெனப் போற்றுவோர் மறப்பது, திருக்குறளின் 101-ஆம் அதிகாரமான ‘நன்றியில் செல்வம்’, அதாவது பயனற்ற செல்வம், ஈட்டிய பொருளைத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் வைத்திருப்பவனைக் கடிகிறது என்பதை. கடன்பட்டுப் பெறும் இன்பத்திற்கு இது துணை வராது. வருவாய்க்குள் அடங்கிய ஆசைச் செலவுக்கோ குற்ற உணர்வு தேவையற்றது.