நித்தியமும் சங்கேதமும்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நித்தியமானதா, அல்லது மனிதர் கூடி ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடா என்பது நம் தேசத்துச் சாஸ்திரக்காரர்களைப் பல நூற்றாண்டுகள் உறங்கவிடாத கேள்வி. ஜைமினியின் வழிவந்த மீமாம்ஸகர்கள், அந்த உறவு இயல்பாகவே அமைந்தது, எவரும் உண்டாக்காதது, ஆகையால் எவரும் மாற்றவும் கூடாதது என்றார்கள். வேதத்தின் பிராமாண்யத்தை அவர்கள் நிலைநாட்டியதே அந்தத் தூணின்மேல்தான். கௌதமரின் வழிவந்த நையாயிகர்களோ, அது இயற்கையானால் ஒரே சொல் ஜனத்துக்கு ஜனம் வேறு பொருள் தருவானேன் என்று கேட்டு, அது சமயத்தால் வந்தது என்று முடிவு கட்டினார்கள். இன்று நாம் மதம் என்ற பொருளில் வழங்கும் 'சமயம்' அவர்களுக்கு உடன்படிக்கை என்ற பொருளில் வழங்கிற்று என்பதே அவர்கள் கட்சிக்கு ஒரு சாட்சி. நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சண்டையில் தலையிடாமல், மரம் என்பது இடுகுறி, பறவை என்பது காரணப்பெயர் என்று பெயர்களை இரண்டாக வகுத்துவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டார்கள்.

இளமையில் இதைப் படித்தபோது, வயிற்றுக் கவலையில்லாத பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்றே நினைத்தேன். அந்த நினைப்பைத் திருத்தியது ஈரோட்டு ஜவுளிக் கடை ஒன்றின் கணினி விவகாரம்.

ஒரு நிறுவனத்தின் நிரல் மற்றொரு நிறுவனத்தின் நிரலிடம் ஒரு காரியத்தைக் கேட்பதற்கும், கேட்டதற்கு விடை பெறுவதற்கும் அமைத்த வாயிலை ஏ.பி.ஐ. என்கிறார்கள். மனிதர் பேசிக்கொள்ளும்போது முகக்குறிப்பு உண்டு, குரலின் ஏற்ற இறக்கம் உண்டு, "நான் சொல்ல வந்தது அதுவல்ல" என்று இடைமறிக்கும் வசதி உண்டு; இந்த வாயிலில் இவை ஒன்றுமில்லை. இருப்பவை பெயர்களும், இந்தப் பெயருக்கு இன்னதே பொருள் என்று இரு கரையிலும் இருப்பவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையுமே. ஆகவே சொல்லும் பொருளும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதை, வேறு எதுவும் கலவாமல் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் நால்வர் அப்படியொரு வாயிலை அமைத்துக் கொடுத்தோம். ஆர்டரின் நிலையை வெளியார் கேட்டறியலாம். நிறைவேறியதும் அதன் நிலை 'கம்ப்ளீட்' என்று மாறும். மூன்றாம் மாதம், தரகர்களுக்குக் கமிஷன் கணக்கிடும் வேறோர் இடத்து நிரல், 'கம்ப்ளீட்' ஆனவற்றுக்கெல்லாம் தொகை வசூலாகிவிட்டது என்று கொண்டு, வராத பணத்துக்குக் கமிஷன் கொடுத்துவிட்டது. விசாரிக்க நான் போனேன். குடோன் மேஸ்திரி, "பேல் லாரியில ஏறி எல்.ஆர். கைக்கு வந்துட்டா எனக்கு முடிஞ்சுதுங்க" என்றார். கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பணம் பேங்குல சேராம எப்படீங்க முடிஞ்சதா ஆகும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். இருவரும் முப்பது ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆண்டுவந்தார்கள். ஒரு நாளும் குழப்பம் நேர்ந்ததில்லை. சொல்பவர் யாரென்று பார்த்துப் பொருள்கொள்ளக் கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. நாங்களோ அவ்விருவர் இருந்த பக்கமே போகாமல், கணக்கு அட்டவணையில் ஒரு பத்திக்கு எவரோ வைத்திருந்த பெயரை அப்படியே எடுத்து வாயிலில் எழுதிவிட்டோம். சொல்லை ஆளிலிருந்து பிரித்தோம். பொருள் ஆளோடேயே தங்கிவிட்டது.

குழந்தை மொழியைக் கற்பது எவ்வாறு என்பதற்குச் சாஸ்திரங்கள் காட்டும் ஓர் உதாரணம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பெரியவர் ஒருவர் மற்றொருவரிடம் பசுவைக் கொண்டுவரச் சொல்கிறார், அவர் கொண்டுவருகிறார். பிறகு பசுவைக் கட்டச் சொல்கிறார், அவர் கட்டுகிறார். அருகில் நிற்கும் குழந்தை, இரண்டு வாக்கியத்திலும் மாறாதிருந்த சொல்லையும் இரண்டு காரியத்திலும் மாறாதிருந்த பிராணியையும் சேர்த்துப் பார்த்து, பசு என்பது இதுதான் என்று அறிந்துகொள்கிறது. இதற்கு விருத்த வியவகாரம் என்று பெயர். அகராதியைப் புரட்டுவதில்லை, அட்டவணையைப் பார்ப்பதில்லை, பெரியவர்கள் காரியம் செய்யும் இடத்தில் நின்று கவனிக்கிறது.

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ, இதையே ஒரு சாக்குக்கட்டியால் போதித்தார் என்று சொல்வார்கள். பயில வந்தவரைத் தளத்துக்கு அழைத்துச் சென்று, தரையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் நின்று பார் என்று விட்டுவிடுவாராம். காரியம் நடக்கும் இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்க்காதவனுக்கு அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல யோக்கியதை இல்லை என்பது அவருடைய சம்பிரதாயத்தின் உயிர்நிலை. பிற்காலத்தில் இந்த லீன் முறையை நிரல் எழுதுகிறவர்கள் சுவீகரித்துக்கொண்டபோது, பலர் அதன் அட்டைகளையும் பலகைகளையும் எடுத்துக்கொண்டு வட்டத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. வட்டத்துக்கு ஓரளவு அருகே வந்தவர் என்று இத்தாலியரான ஆல்பெர்டோ பிராண்டோலினியைச் சொல்லலாம். அவர் முறையில், வியாபாரத்தை நடத்துகிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் ஒரே அறையில் கூடி, சுவர் நீளத்துக்குக் காகிதத்தை ஒட்டி, அந்த வியாபாரத்தில் நிகழ்வனவற்றை ஆரஞ்சு நிறச் சீட்டுகளில் ஒவ்வொன்றாக எழுதி வரிசையாக ஒட்டுகிறார்கள். சீட்டில் வரவேண்டியது இறந்தகால வினை: சரக்கு ஏறியது, பில் போனது, பணம் சேர்ந்தது. எங்கள் மேஸ்திரியும் கணக்குப்பிள்ளையும் அப்படியொரு சுவரின்முன் நின்றிருந்தால், 'முடிந்தது' என்ற சீட்டை இருவரும் இரண்டு இடத்தில் ஒட்டியிருப்பார்கள், கமிஷன் தப்பியிருக்கும்.

வினை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வாக்கியத்தில் பிரதானம் எது என்பதிலும் அந்த இரு கட்சிகளுக்கும் ஒற்றுமையில்லை: வினையுள் அடங்கிய பாவனையே தலைமை என்பார் மீமாம்ஸகர், எழுவாயின் பொருளே தலைமை என்பார் நையாயிகர். ராய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி நூலில் ரெஸ்ட் என்னும் அமைப்பை விவரித்த பிறகு, ஏ.பி.ஐ. எழுதுகிறவர்களிடையே, வாயிலில் பெயர்ச்சொற்களை வைப்பதா வினைச்சொற்களை வைப்பதா என்று நடந்துவரும் தர்க்கத்தைக் கேட்கும்போதெல்லாம், காசியில் எங்கோ பழைய சபையொன்று கலையாமல் இன்னும் நடக்கிறது என்ற பிரமை எனக்கு உண்டாகிறது.

பெயரிடுதல் எவ்வளவு பொறுத்துச் செய்யவேண்டிய காரியம் என்பதற்கு ஸ்ட்ரைப் என்னும் பணப் பரிவர்த்தனை நிறுவனத்தின் சரித்திரத்தைப் பார்க்கலாம். 2011இல் அவர்கள் வாயில் திறந்தபோது அதன் மையத்தில் இருந்த பெயர் 'சார்ஜ்'. கடன் அட்டைக்கு அது பொருத்தமான பெயர். கேட்ட மாத்திரத்தில் ஆம் அல்லது இல்லை என்று விடை வந்துவிடும். பிறகு, பணம் சேர்ந்ததா என்று அறியவே நாட்கள் பிடிக்கும் வங்கிப் பற்றுகள் வந்தன. வாங்குபவர் தம் வங்கியின் பக்கத்துக்குச் சென்று சம்மதம் தெரிவித்துத் திரும்பவேண்டிய நெதர்லாந்து தேசத்து முறை வந்தது. ஒரே கணத்தில் நடந்து முடிகிற செயலுக்கு வைத்த பெயர், நாட்கணக்கில் நடந்துகொண்டிருக்கிற செயலைத் தாங்கவில்லை. ஆகவே ஒரு சிறு குழுவினர் மாதக்கணக்கில் ஓர் அறையில் அமர்ந்து யோசித்தார்கள். அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட நியமங்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. மடிக்கணினிகளை மூடிவைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. ஒரு கருத்து தெளிவாகும்வரை அதற்குப் பெயரிடக் கூடாது, நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டுமே அதைக் குறிக்கவேண்டும் என்பது மற்றொன்று. பெயர் வந்துவிட்டால் அது பழைய பொருளை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள். கடைசியில் அவர்கள் வைத்த பெயர் 'பேமெண்ட் இன்டென்ட்'. நம் வழக்கில் சொன்னால் அது சங்கல்பம்: இன்ன தொகை செலுத்துவது என்று முதலில் சங்கல்பித்துக்கொள்கிறோம்; இடையில் எத்தனை படிகள் நேர்ந்தாலும் அவை அந்த ஒரு சங்கல்பத்தின் அங்கங்கள். பூஜைக்கு உட்காரும் எவருக்கும் இது புதிதல்ல.

இதுவரை சொன்னவற்றில் ஜயம் நையாயிகருக்கே. சங்கேதம் என்றும் சொல்லப்படும் இந்த உடன்படிக்கையைப் பிற்கால நியாய நூல்கள் ஈசுவரனுடைய இச்சை என்று சொன்னதைமட்டும் நான் இங்கே ஏற்கத் தயங்குகிறேன். ஏ.பி.ஐ. உலகில் ஈசுவர ஸ்தானத்தில் தம்மை இருத்திக்கொண்டு, இந்தப் பெயருக்கு இதுவே பொருள் என்று தனித்திருந்து ஆணையிட்ட தலைமைப் பொறியாளர்கள் சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஆணைகளுக்கு அவர்கள் அறைக்கு வெளியே பொருள் இருந்ததில்லை.

ஆனால் வாயில் திறந்த மறுநாள் காட்சி மாறுகிறது. மீமாம்ஸகர் உள்ளே நுழைகிறார். வாயிலைப் பயன்படுத்துவோர் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் எழுத்தில் என்ன வாக்களித்தீர்கள் என்பது பொருட்டல்ல, உங்கள் நிரல் வெளியே காட்டும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பி வாழ்ந்துகொண்டிருப்பார் என்று ஹைரம் ரைட் என்ற பொறியாளர் கண்டு சொன்னது, இத்தொழிலில் அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. ஓர் இணையப் பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது, எங்கிருந்து வருகிறோம் என்று உலாவி அறிவிக்கும் 'ரெஃபரர்' என்ற பெயரை ஃபிலிப் ஹாலம்-பேக்கர் முன்மொழிந்தபோது, ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிற்று. 1996இல் வெளியான ஹெச்.டி.டி.பி. ஆவணத்தில் அந்தப் பிழை அப்படியே ஏறிற்று. இன்றளவும் உலகத்து உலாவிகள் எல்லாம் அந்தப் பிழையை எழுத்துப் பிசகாமல் ஓதிவருகின்றன. ஸ்வரம் தப்பக் கூடாதென்று வேதத்தைக் காத்தவர்கள்கூட இதைக் கண்டு மெச்சியிருப்பார்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால், பெயரிட்டவர் வேலையைவிட்டுப் போய்விடுவார். ஏன் இப்படிப் பெயரிட்டார் என்று சொல்ல எவரும் இரார். ஆயினும் தொட எவருக்கும் துணிவு வராது. கர்த்தா இல்லாத வாக்கை அபௌருஷேயம் என்பார்கள். அதன் லக்ஷணம் ஒவ்வொன்றும் இங்கே பொருந்துகிறது.

உண்மையான மீமாம்ஸகர் இதை ஒப்பமாட்டார் என்பதை நான் அறிவேன். அவருடைய நித்தியத்துக்கு ஆதியே இல்லை. இங்கோ பிறந்த தேதி குறிப்பேட்டில் இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான் சொல்வது இவ்வளவே: சொல் பிறப்பது நையாயிகர் வீட்டில், வாழ்க்கைப்படுவது மீமாம்ஸகர் வீட்டில். பிறந்த வீட்டில் இருக்கும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் பெயரை மாற்றலாம், பத்துப் பேரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்கலாம், காகிதத்தில் எழுதிக் கிழித்துப்போடலாம். செலவு காகிதத்தோடு போயிற்று. புகுந்த வீட்டில் அந்தச் சலுகை கிடையாது.

ஓனோ ஏழு விரயங்களை வகுத்து, எல்லாவற்றிலும் கொடியது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது என்றார். மோட்டார் வண்டிக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் உதிரிப்பாகத்தை ஒரு நாள் பழைய இரும்புக்காவது போடலாம். எவரும் கேட்காமல் வாயிலில் வைத்த பெயரை, நாளை எவரேனும் எடுத்துக்கொண்டுவிட்டால் என்றைக்கும் திரும்பப் பெற முடியாது. 1972இல் டேவிட் பார்னாஸ் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், மாறக்கூடியது எதுவோ அதை ஒவ்வொரு பகுதியும் தன்னுள் மறைத்துக்கொள்ளட்டும் என்று உபதேசித்ததை, மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாக வைத்து, அதுவும் அருளே என்று கொண்ட சைவ சித்தாந்தி ஒருவர் கேட்டிருந்தால் உடனே தலையசைத்திருப்பார். கடையின் அட்டவணையை வெளியார் கண்ணுக்கு மறைக்காமல் விட்டதுதான் எங்கள் முதல் பிழை. பெயர்ப் பிழை அதன் பிள்ளை.

பிறகு மேஸ்திரியையும் கணக்குப்பிள்ளையையும் ஒரு மேஜையில் உட்காரவைத்து இரண்டு நாள் பேசினோம். தரகர் ஒருவரும் வந்திருந்தார். அதிகம் கேட்டவர் அவர்தான். 'கம்ப்ளீட்' போய், 'சரக்கு அனுப்பியாயிற்று', 'தொகை வரவாயிற்று' என்று இரண்டு நிலைகள் ஏற்பட்டன, இரண்டும் காரணப்பெயர்கள். பழைய பெயரைப் பயன்படுத்துவோர் ஓராண்டுக்குள் மாறிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தோம். கெடு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு எங்கிருந்தோ ஒரு நிரல் வந்து 'கம்ப்ளீட்' ஆனவை எவை என்று கேட்டுப்போகிறது. யாருடையதென்று தெரியவில்லை. பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.