சூசை சொன்ன பதில்

சாதிச் சான்றிதழ் விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வரப்போகிறார் என்று தெரிந்தால், சில வீடுகளில் கூடத்துச் சுவரிலிருந்து வசனக் காலண்டர் இறங்கிவிடும். சிலுவை பீரோவுக்குள் போகும். வேதாகமம் சேலை அடுக்குக்குக் கீழே போகும். ஆணி மட்டும் சுவரில் நிற்கும். காலண்டர் தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம் தெரியும். வந்தவர் அந்தச் சதுரத்தைக் கவனிக்காமல் போகலாம், கவனித்தும் பேசாமல் போகலாம். வீட்டுப் பிள்ளை கவனித்துவிடும். நேற்று இரவு அந்தக் காலண்டரின் கீழே முழங்காலிட்டு ஜெபித்த பிள்ளை அது.

சென்னையை அடுத்த சிறுசேரியில் சிப்காட் வளாகம் வந்தபிறகு நாவலூர், படூர், கேளம்பாக்கம் வரை அடுக்குமாடிகள் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டுப் பக்கமிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஞாயிறு காலையில் வாடகை மண்டபங்களில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆராதனைக்குக் கூடுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பெயர் இரண்டு. சபையில் ஒன்று, அலுவலக அடையாள அட்டையில் ஒன்று. கேட்டால், "சர்டிபிகேட்டில் இந்து" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அரசு வேலை உறுதியாகும்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆலயத்தில் கல்யாணம் செய்தால் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும் என்று அஞ்சி, சார்பதிவாளர் அலுவலகத்தோடு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தாழ்ந்த குரலில் பேசப்பட்டுவந்த இந்த விஷயத்தை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 26 அன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. புதுச்சேரியில் எழுத்தர் பணிக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் தேர்வான ஒரு பெண், தான் இந்து என்று சொல்லிச் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். குழந்தைப் பருவத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றதும், தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்வருவதும் விசாரணையில் தெரியவந்தன. நம்பிக்கை ஏதும் இல்லாமல் ஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்றது தீர்ப்பு. அதைப் படித்துவிட்டு எத்தனை குடும்பங்கள் அன்று இரவு தூங்காமல் இருந்திருக்கும்!

கிறிஸ்துவை விசுவாசிக்கிற ஒருவர், பிள்ளையின் படிப்புக்காகவோ வயிற்றுப் பிழைப்புக்காகவோ, படிவத்தின் மதக் கட்டத்தில் வேறு பெயரை எழுதலாமா? கூடாது. அந்த மனிதர்மீது கோபம் கொள்ள நியாயமில்லை. கிறிஸ்தவர் என்றால் பட்டியல் சாதி உரிமை இல்லை என்று அவரை அந்த நிலைக்குத் தள்ளிய சட்டத்தின்மீது கோபம் கொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனாலும் கூடாது. முடிவுவரை நிலைநிற்கிறவனே இரட்சிக்கப்படுவான் என்று மத்தேயு இரண்டு இடங்களில் பதிவு செய்திருக்கிறார். மனிதர் முன்னிலையில் என்னை மறுதலிப்பவனை நானும் மறுதலிப்பேன் என்ற எச்சரிக்கையும் அந்த இடங்களில் ஒன்றான பத்தாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அலுவலக மேசையில் எழுதும் சொல்லுக்கு இது பொருந்தாது என்று அங்கே எந்த விலக்கும் தரப்படவில்லை.

சான்றிதழ் என்ற சோதனை திருச்சபைக்குப் புதிதல்ல. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ், குடிகள் எல்லோரும் நாட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரியிடம் எழுத்துச் சான்று பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றுகள் சில எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. தான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன் என்று மனுதாரர் சொல்வார், அதிகாரி கையெழுத்திடுவார். கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பலிபீடத்தைத் தொடவில்லை, தூபம் போடவில்லை, தாள் ஒன்றுதானே என்பது அவர்கள் நியாயம். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதை ஏற்கவில்லை. கையால் செய்யாததைக் கையெழுத்தால் ஒப்புக்கொண்டாலும் அது விழுகைதான் என்றார். மனம் வருந்தி வந்தவர்களைத் தீர விசாரித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் வழி செய்தார். இதே சிப்ரியான் அந்த அடக்குமுறையின்போது தலைமறைவாக இருந்தவர். ஓடி ஒளிவது வேறு, இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேறு. 258இல் கேள்வி நேராக அவரிடமே வந்தபோது, தான் கிறிஸ்தவன், ஆயர் என்று சொல்லி வாளுக்குத் தலை கொடுத்தார்.

நம்பிக்கையில் நிலைத்திருப்பது என்றதும் நம் மனத்தில் சிங்கமும் தீயும் வந்து நிற்கின்றன. சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு, எண்பத்தாறு ஆண்டுகள் தனக்கு ஒரு தீங்கும் செய்யாத அரசரை எப்படிப் பழிப்பேன் என்று கேட்டுவிட்டுத் தீயில் நின்றார். ஆனால் பேதுருவை எண்ணிப்பாருங்கள். அவரிடம் கேட்டது அரசனோ படைத்தலைவனோ அல்ல. ஒரு வேலைக்காரப் பெண். கேட்ட இடம் குளிர்காயும் நெருப்போரம். வாளெடுத்து வீசத் துணிந்த மனிதர், ஒரு சாதாரணக் கேள்வியில் விழுந்தார். வாள் வரும்போது மனிதன் தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறான். இ-சேவை மையத்தில் வரிசை நகர்ந்து, கணினி முன் இருப்பவர் தலை நிமிராமல் "மதம்?" என்று கேட்கும்போது திடப்படுத்திக்கொள்ளத் தோன்றுவதில்லை. சோதனை அங்கேதான் வருகிறது.

நம் மண்ணிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். சிறுசேரியிலிருந்து நகரத்தை நோக்கி ஒரு மணி நேரம் போனால் பரங்கிமலை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமா, கடல் கடந்து வந்து அந்த மலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. சந்தேகத்தில் தொடங்கியவரும் முடிவுவரை வந்து சேரலாம் என்பதற்கு அந்த மலையை விடப் பெரிய ஆறுதல் இல்லை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட கிறிஸ்தவக் குரு அருளானந்தரை மறவர் நாடு மறக்கவில்லை. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பழைய மதத்துக்குத் திரும்பினால் வேலையும் மரியாதையும் திரும்பக் கிடைத்திருக்கும். மூன்று ஆண்டுகள் அவர் திரும்பவில்லை. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதர் என்று அறிவிக்கப்பட்டார். அந்த அறிவிப்பில் பிள்ளை என்ற சாதிப்பெயர் இல்லை. உயர்சாதிக்காரராக இருந்தும் ஒடுக்கப்பட்டவர்களோடு கலந்து உண்டவருக்கு அதுவே பொருத்தம்.

இங்கே சிலர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று அவர் சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார்; வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள் அது. ஆனால் மூன்றாவது குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெரிந்தே சொன்ன பொய்க்குப் பின் சொன்னவர் மனமே அவரை வருத்தும் என்பது அதன் கருத்து. முதலில் சொன்ன விலக்குக்கும் அவர் நிபந்தனை வைத்திருக்கிறார், நன்மையில் குறை இருக்கக் கூடாது என்று. காலண்டரை இறக்கிவைத்த வீட்டில் பிள்ளைக்குப் போய்ச் சேரும் பாடத்தைக் குறையற்ற நன்மை என்று எப்படிச் சொல்வது? மானம் என்ற அதிகாரத்தில் மயிர் இழந்தால் உயிர் வாழாத கவரிமாவை வள்ளுவர் காட்டுகிறார். ஒரு மனிதன் தன் ஆண்டவரின் பெயரை மறைத்துத்தான் வாழ வேண்டும் என்றால், அவன் இழப்பது அதைவிடப் பெரிது.

மறுபக்கத்தின் துயரத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1950 ஆகஸ்டு 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்கு கிடைத்தது, கிறிஸ்தவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் 18 விழுக்காட்டுப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டை விட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் போய்விடும். ஊரில் தெரு மாறவில்லை, டீக்கடையில் பார்வை மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது. இது அநியாயம். அநியாயத்தை எதிர்த்து நிற்கலாம், நிற்க வேண்டும். அதற்குப் பொய்யைக் கருவியாக எடுத்தால் எதிர்ப்பின் முதுகெலும்பே முறிந்துபோகும்.

எதிர்த்து நிற்பது எப்படி என்று காட்ட நமக்கு ஒரு மனிதர் இருக்கிறார். புனிதர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. சென்னை எழும்பூரில் காந்தி-இர்வின் பாலச் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1982இல் மத்திய அரசின் சிறப்பு உதவியில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் திட்டம் வந்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கடை கிடைத்தது. அதே தொழில், அதே வெயில், அதே தெரு. சூசைக்கு மட்டும் இல்லை. இந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைக்குமேல் ஒரு கூரை வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நான் கிறிஸ்தவன், ஆனாலும் எனக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறியபின்னும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. தோற்றார். ஆனால் நாற்பது ஆண்டுகளாக தலித் கிறிஸ்தவர் உரிமை பற்றிப் பேசுகிற எவரும் சூசை வழக்கைத் தொடாமல் பேச முடிவதில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டப்பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒளித்து வாழ்கிறவர்களுக்காக யாரும் தீர்மானம் போட முடியாது; கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. வெளிப்படையாகச் சொல்லி இழந்தவர்களின் பெயரால்தான் இந்தக் கோரிக்கை உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் பீடத்திலிருந்து போதிக்கும் சபைகளுக்கு ஒரு கேள்வி உண்டு. நிலைத்து நில் என்று சொல்கிறவர், நிற்கிறவனுக்கு என்ன செய்தார்? தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கட்டிய ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிச் சுவர் நின்றது. 1910இல்தான் அதை இடித்தார்கள். கல்லறைத் தோட்டங்களுக்குள் சாதிச் சுவர் நின்ற ஊர்கள் தமிழகத்தில் பல. செத்தபின்னும் ஒருவரைச் சுவருக்கு அந்தப்பக்கம் கிடத்திய திருச்சபைக்கு, அவர் பேரனிடம் போய் முடிவுவரை நில் என்று சொல்ல வாய் கூச வேண்டும். கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். ஆதிச் சபையில் குறைவுபட்டவர் ஒருவரும் இல்லாதபடி நிலத்தை விற்றுப் பங்கிட்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அங்கே நம்பிக்கையில் நிலைத்திருப்பது தனி மனிதனின் வீரமாக விடப்படவில்லை. ஒருவன் விலை கொடுத்தால் அந்த விலையைச் சபை முழுதும் சேர்ந்து சுமந்தது.

ஆகஸ்டு 10ஐ ஒவ்வோர் ஆண்டும் சபைகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. கொடி ஏற்றுங்கள், ஊர்வலம் போங்கள். அதோடு உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் மருத்துவமனையிலும், மதக் கட்டத்தில் கிறிஸ்தவம் என்று எழுதியதால் இடம் இழந்த பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்று எண்ணிக்கையைச் சொல்லி அறிவியுங்கள். சிறுசேரி, நாவலூர் மண்டபங்களில் மாதச் சம்பளத்திலிருந்து தசமபாகம் கொடுக்கிறவர்களே, அந்தப் பணத்தில் புதிய ஒலிபெருக்கி வாங்கும்முன், உங்கள் சபையில் உண்மையை எழுதிவிட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு அலைகிற குடும்பம் எது என்று போதகரிடம் கேளுங்கள். வருகிற ஞாயிறே கேளுங்கள்.