வாசலில் சொல்லும் சொல்

1977 நவம்பர் 22. சான் பிரான்சிஸ்கோ பக்கத்து நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு வேனிலிருந்து கிளம்பிய தரவு, வானொலி அலையில் ஏறி, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்குள் நுழைந்து, செயற்கைக்கோள் வழியே ஐரோப்பாவைத் தொட்டுவிட்டு, கலிஃபோர்னியாவிலேயே இருந்த வேறொரு கணினிக்கு வந்து சேர்ந்தது. கடந்துவந்தவை மூன்று வலையமைப்புகள். ஒன்றில் தரவு அடிக்கடி தொலையும். இன்னொன்று எதையும் தொலையவிடாது. மூன்றாவதில் ஏகத் தாமதம். இவற்றை இணைக்க எதையும் இடித்துக் கட்டவில்லை. வலையமைப்புகளை இணைப்பது பற்றி கணினி அறிஞர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய கட்டுரையின் உயிர்நாடியே அதுதான்: உள்ளே உன் இஷ்டப்படி இரு, வாசலில் மட்டும் எல்லோரும் ஒரே மொழியில் பேசுவோம்.

இன்றைய இணையமும் அப்படித்தான் நிற்கிறது. தொலைபேசி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள் என்று 70,000-க்கும் மேற்பட்ட தன்னாட்சி அமைப்புகள், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணோடு. இவற்றை இணைக்கும் பிஜிபி என்ற நெறிமுறையை 1989-இல் யாகோவ் ரெக்தரும் கிர்க் லோகீடும் சாப்பாட்டு நேரத்தில், கை துடைக்கும் காகிதத்தில் வரைந்தார்கள். அதன் வேலை எளிது. “இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்” என்று ஓர் அமைப்பு பக்கத்து அமைப்பிடம் சொல்லும். அது தன் எண்ணையும் சேர்த்து அடுத்ததிடம் சொல்லும். மேலே தலைவர் இல்லை, மொத்த வரைபடமும் யார் கையிலும் இல்லை. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடிக்கும் நிறுவனங்கள்கூட இங்கே ஒன்றின் சரக்கை மற்றொன்று சுமக்கின்றன. மனிதர் கட்டியவற்றில் இதைவிட வியப்பானது எனக்குத் தெரியாது.

ஆனால் சொன்னதை அப்படியே நம்புவதுதான் இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். 2008 பிப்ரவரி 24 அன்று அது ஆட்டம் கண்டது. யூட்யூபைத் தடுக்கச் சொல்லி பாகிஸ்தான் அரசு உத்தரவிட, பாகிஸ்தான் டெலிகாம் யூட்யூபின் 256 முகவரிகளுக்கு “வழி இங்கே” என்று தன் வலைக்குள் ஒரு பொய் வழியை அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. பாகிஸ்தான் டெலிகாமை வெளியுலகோடு இணைத்த ஹாங்காங் நிறுவனம் பிசிசிடபிள்யூ, அதைச் சரிபார்க்காமல் உலகுக்கே அனுப்பிவிட்டது. யூட்யூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதியை. சிறிய தொகுதியே துல்லியமான வழி என்று எடுத்துக்கொள்வது, தரவுக்கு வழிகாட்டும் ரவுட்டர்களின் விதி. அதனால் உலகத்தின் பெரும்பகுதி பொய்யின் பின்னால் போனது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இந்தக் குழப்பம் நீடித்தது. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை, எல்லாம் விதிப்படியே நடந்தன.

தன் வீட்டுக்குள் எதைத் தடுப்பது என்பது பாகிஸ்தான் டெலிகாமின் உரிமை என்று வாதிடலாம். வாசல் தாண்டிப் போன சொல் அந்த உரிமைக்குள் அடங்காது. தன்னாட்சி என்பதை இதுவரை நாம் பாதியாகவே புரிந்துவைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். யாரையும் கேட்காமல் இயங்குவது அதன் முதல் பாதி. தன் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்பது மறுபாதி. அந்த மறுபாதி இருக்கும் இடத்தில்தான் ஒருவர் உள்ளறையை மற்றவர் எட்டிப் பார்க்காமலே சேர்ந்து வாழ முடிகிறது. கேட்பவருக்கும் இதில் பங்குண்டு. பக்கத்தில் இருப்பவர் சொல்வதைச் சரிபார்த்து வாங்குவது அவரை அவமதிப்பதாகாது. அவருடைய தவறு ஊரெல்லாம் பரவாமல் காப்பாற்றுவது அது.

இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஒன்றோடொன்று பேசி, பயணச்சீட்டு எடுக்கவும் பணம் கட்டவும் பழகுகின்றன. எப்படிப் பேசுவது என்பதற்கான நெறிமுறைகள் வேகமாக வருகின்றன. ஒரு முகவர் யார் சார்பாகப் பேசுகிறது, அதற்கு அந்த அதிகாரம் உண்டா என்பதை முதல் நாளிலேயே கேட்டாக வேண்டும். பிஜிபி அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டது. முகவரி யாருடையது என்பதைக் கையொப்பத்தால் நிறுவும் ஆர்பிகேஐ முறையின் வரையறைகள் 2012-இல்தான் வெளிவந்தன. அதுவும் புறப்பட்ட இடத்தை மட்டுமே உறுதிசெய்கிறது. வந்த வழி மெய்தானா என்பதைப் பெரும்பாலும் இன்னும் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்கிறோம்.