ஏட்டில் இல்லாத கட்டம்

வால்பாறை மலைகளை ஒட்டி, இடுக்கி மாவட்டக் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. அங்கே ஒரு முதுவான் குடியில் சின்னத்தம்பி என்ற பெரியவர் தன் டீக்கடையிலேயே நூலகம் நடத்தினார். மொத்தமே 160 புத்தகங்கள், அவையும் சாக்குப்பையில். கட்டன் சாயாவுக்குக் காசில்லை, மிக்சருக்கும் பிஸ்கட்டுக்கும் உண்டு. யார் எதை எடுத்தார்கள் என்று ஏட்டில் குறித்து வைப்பார். 2013இல் 37 புத்தகங்கள் போய் வந்தன. சிலப்பதிகாரத்தை ஒரு முறைக்கு மேல் எடுத்திருக்கிறார்கள்.

எடுத்தவருக்குப் பிடித்ததா? அதற்கு எந்த நூலக ஏட்டிலும் கட்டம் கிடையாது. இருந்தால், போன மாதம் நான் படித்த இரண்டுக்கு என்ன எழுதுவேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று, யூமா வாசுகி தமிழில் தந்த ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்'. கசாக்குக்கு வித்தான தசராக், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எனக்கு பஸ்ஸில் போய்வருகிற தூரம். ஓராசிரியர் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த சகோதரியோடு 1956இல் விஜயன் வந்து தங்கிய ஊர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பனையோலை உரசுவது எங்களுக்குக் காது மரத்துப்போன சத்தம். அதை மறுபடி கேட்க வைத்துவிட்டார் மனுஷன். ஆனால் கதாநாயகன் ரவியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தன் மனக்குடைச்சலுக்குப் பெண்களிடம் மருந்து தேடுகிறான். மைமுனா மனதில் என்ன ஓடியது என்று கேட்க நாவலுக்குப் பொறுமை இல்லை. ஊர்ப் பேதை அப்புக்கிளிக்குக் கிடைத்த பரிவில் பாதியாவது அவளுக்குக் கிடைத்திருக்கலாம்.

இன்னொன்று 'எரியும் பனிக்காடு'. வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கியது. பாலாவின் 'பரதேசி'க்கு மூலம். கசாக் வந்த அதே 1969இல்தான் இதன் ஆங்கில மூலமும் வந்தது. ஆனால் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கக் கூச்சப்படும். இதில் நல்லவர் முழுக்க நல்லவர், துரை முழுக்கத் துரை. சில பேச்சுகள் மனு வாசிப்பதுபோல இருக்கின்றன. நாலைந்து இடத்தில் மூடி வைத்தேன். பிறகு அந்தக் கணக்கு வந்தது. மேஸ்திரி கொடுத்த முன்பணம், அதில் கழிந்தது, கழியாதது. நாளெல்லாம் அட்டைக்கடியில் கொழுந்து கிள்ளியவர்கள், கணக்குத் தீர்க்கிற நாளில் கடன்காரர்களாகவே நிற்கிறார்கள். கதையாகப் படித்தபோது கொட்டாவி விட்ட நான், கணக்காகப் படித்தபோது விளக்கை அணைக்கவில்லை.

கலவையான கருத்து என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நல்லா இருக்கா இல்லையா, ஒன்றைச் சொல் என்கிறார்கள். சாம்பாருக்கு வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் அம்மா மூணாறு தேயிலைத் தோட்ட லயத்தில் இருந்தவர். அந்த இரண்டாவது புத்தகத்தை அக்காவிடம் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"புடிச்சுதாக்கா?"

"பாதி வரைக்கும் படிச்சேன் தம்பி. மீதி எங்கம்மா சொல்லியிருக்காங்க."