தனக்குத் தானே தந்த வாக்கு

மார்கழிப் பனியில் தொடங்கிய விரதம் ஒன்று மாசி வெயிலில் தடுமாறி நிற்பதை மைசூருவில் ஆண்டுதோறும் காணலாம். 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்திற்குப் பயிற்சி செய்வோரின் விரதத்தையே இங்கு குறிப்பிடுகிறேன். குளிர்காலத்தில் குக்கரஹள்ளி ஏரிக்கரை அவர்களுக்குத் தாய்மடி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-இல் அமைந்த அந்த ஏரியைச் சுற்றி மரநிழலில் ஓடலாம். கூழைக்கடாக்கள் நீரில் இறங்கும் அழகில் சுற்றுகளின் கணக்கே மறந்துபோகும்.

மாசி பிறந்ததும் புங்க மரங்கள் தளிர்க்கின்றன. காலை வெயிலும் உறைக்கத் தொடங்குகிறது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கித் திரும்புவதால், அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. உடல் இதற்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். மார்கழியில் எழுதிவைத்த அட்டவணைக்கு இதெல்லாம் தெரியாது.

அத்தகைய ஒரு மாசிக் காலையில் என் வலது முழங்கால் என்னை நிறுத்தியது. வலி பெரிதன்று. தொடர்ந்து ஓடினால் உறுதி, நின்றால் கோழைத்தனம் என்று மனம் வாதிட்டது. அது உண்மைதானா?

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி ஓட்டத்தின் நடுவே விழுந்து முழங்காலில் கடுங்காயமுற்றார். கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். முதல்வர் வந்து ஒரு மணி நேரத்திற்கும் மேலான பின், கடைசியாக எல்லையை அடைந்தார். உலகம் அவரை இன்றும் கொண்டாடுகிறது. 2004-இல் ஏதென்ஸில், அப்போது பெண்கள் மாரத்தானில் உலக சாதனையாளராக இருந்த பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப், சுமார் 36 கிலோமீட்டரில் நின்று சாலையோரம் அமர்ந்து அழுதார். சொந்த நாட்டிலேயே பலர் அவரைக் கடுமையாக விமர்சித்தனர். மூன்று மாதங்களுக்குள் அவர் நியூயார்க் மாரத்தானை வென்றதும் பேச்சு மாறிற்று.

இங்குதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பின்னால் வென்றதனால் முன்னால் நின்றது சரியாகிவிடுமா? அவர் வாழ்நாளில் மறுபடி வெல்லாதிருந்தாலும், அன்று நின்றது சரியென்றால் சரியே. அக்வாரியின் கால் நிரந்தரமாக முடங்கியிருந்தால் அவரைப் பிடிவாதக்காரர் என்றிருப்போம். அவருடைய உள்ளம் என்னவோ அதேதான். பயனைப் பார்த்துச் செயலை அளப்பது நம் பழைய நோய்.

அக்வாரிக்குப் பின்னால் அண்மையில் விடுதலை பெற்ற ஒரு தேசம் இருந்தது. என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரனை எந்த நாடும் அனுப்பவில்லை. அவன் கொடுத்த வாக்கு தனக்குத் தானே கொடுத்தது. இத்தகைய வாக்கில் ஒரு சிக்கல் உண்டு. பிறருக்குத் தந்த வாக்கிலிருந்து அவரே நம்மை விடுவிக்க வேண்டும். தனக்குத் தந்ததில் கொடுத்தவனும் பெற்றவனும் ஒருவனே. நினைத்த நேரத்தில் விடுவித்துக்கொள்ளலாம். அப்படியானால் அது வாக்கே அன்று எனலாம். ஆனால் வைகறையில் போர்வைக்குள் கிடந்தபடி தினமும் தன்னை விடுவித்துக்கொள்பவன், ஓராண்டில் தன் சொல்லைத் தானே நம்பாதவனாகிறான். அந்த இழப்பு சிறிதன்று.

நான் கண்டடைந்த விடை அரைகுறையானதே. வாக்கைப் பெற்றவன் இன்றைய நான் அல்லன். இன்னும் இருபது ஆண்டுகள் இதே முழங்காலோடு படியேற வேண்டிய முதியவன். போர்வைக்குள் கிடக்கும் என்னை அவன் விடுவிக்கமாட்டான். வலியோடு ஓடும் என்னை ஓடச் சொல்லவும்மாட்டான். நிற்கச் சொல்வது சோம்பலா, அவனா என்பதை அறிவதே கடினம். ஓடச் சொல்வது உறுதியா, கைக்கடிகாரத்தில் கண்ட எண்ணின் மீதுள்ள மோகமா என்பது அதைவிடக் கடினம்.

மறுவாரம் சாமுண்டி மலைப் படிகளில் மெதுவாக ஏறினேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட அப்படிகளில் இளைஞர் சிலர் நேரம் பார்த்தபடி பாய்ந்து ஏறினர். வேண்டுதலோடு வந்த ஒரு அம்மா ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டிருந்தார். ஒரே கல்லில் செதுக்கிய நந்தியின் அருகே நான் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது அவரும் வந்து மூச்சு வாங்கினார். "இன்னும் நிறைய இருக்கிறதே அம்மா" என்றேன். கன்னடம் கலந்த தமிழில், "இருக்கட்டும் சாமி, அவசரமில்லை" என்று சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த படிக்குக் குனிந்தார்.