பெயரும் வினையும்

ஆங்கிலத்தில் 'டேரவே' என்றொரு பேச்சு வழக்குச் சொல் உண்டு. அடக்கமின்றி, பின்விளைவு நோக்காது திரியும் இளைஞனை அது குறிக்கும். பிய்த்துக்கொண்டு பாய்ந்தோடுதல் என்னும் வினையினின்று பிறந்த பெயர் அது. தமிழிலும் தறுதலை, அடங்காப்பிடாரி, போக்கிரி, காவாலி எனச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இத்தகைய பெயரை ஓர் இளைஞனுக்குச் சூட்டுவது அறமாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

ஒரே செயலுக்கு எல்லார்க்கும் ஒரே பெயர் கிட்டுவதில்லை. 'டேரவே' என்பதில் கண்டிப்போடு சற்றே செல்லமும் கலந்திருக்கும். 1898ஆம் ஆண்டு இலண்டன் செய்தித்தாள்களில் பரவிய 'ஹூலிகன்' என்னும் சொல்லிலோ அச்சமும் வெறுப்புமே மிகுதி. அது பெரும்பாலும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள்மீதே வீசப்பட்டது. வசதி படைத்தவன் செய்தால் இளமைத் துடுக்கு. வறியவன் செய்தால் காலித்தனம். தராசு இவ்வாறு சாயுமாயின் அது நீதியாகுமா?

இவ்விடத்தில் நம் இலக்கணம் நமக்கு ஒளி தருகின்றது. வினைச்சொல் காலம் காட்டும். பெயர்ச்சொல் காலம் காட்டாது என மாணவர்க்குக் கற்பிக்கிறோம். 'திருடினான்' என்றால் அச்செயல் இறந்த காலத்தது. வினையாலணையும் பெயராகிய 'திருடியவன்' என்பதிலும் அக்காலம் உண்டு. 'திருடன்' என்றாலோ காலம் மறைந்துவிடுகிறது. நேற்றைய செயல் நாளைக்கும் உரியதாகிவிடுகிறது. திருந்துதற்கு வேண்டிய காலத்தையே அப்பெயர் பறித்துக்கொள்கிறது.

அமெரிக்க அறிஞர் பிராங்க் டானன்பாம் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கருத்தை வேறொரு வகையில் விளக்கினார். சிறுவனின் செயலைத் தீயதெனத் தொடங்கும் ஊர், நாளடைவில் சிறுவனையே தீயவன் என்கிறது. அவனும் அப்பெயருக்கேற்ப மாறுகிறான். இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் சட்டமும், கீழ் நீதிமன்றங்களில் விசாரிக்கப்படும் சிறார் தொடர்பில் 'குற்றத்தீர்ப்பு', 'தண்டனை' ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை வழங்கலாகாது என விதித்தது. சொல்லின் வலிமையைச் சட்டமும் உணர்ந்திருந்தது.

அங்ஙனமாயின், தவற்றைத் தவறென்னாது விடுவதா என வினவலாம். நியாயமான வினாவே. நம் நாட்டில் 'மாட் ரெம்பிட்' என்று அழைக்கப்படும் இளைஞன் ஒருவன் நள்ளிரவில் பந்தயம் ஓட்டி வழிப்போக்கர் ஒருவரின் காலை முறித்துவிட்டால், துயருற்றவரிடம் சென்று இளமையின் இயல்பு எனச் சமாதானம் கூறுதல் அறமன்று. செயலை மறைப்பது பாதிக்கப்பட்டோர்க்கு இழைக்கும் இரண்டாம் கொடுமை. 'நீ இதனைச் செய்தாய். இதனால் இவர் துன்புற்றார். இதற்கு நீயே பொறுப்பு' என்று ஒளிவுமறைவின்றிக் கூறவே வேண்டும்.

ஆனால் அது வினையைச் சுட்டும் கூற்று. 'நீ தறுதலை' என்பதோ பொறுப்பை அவன்மீது ஏற்றுவதாய்த் தோன்றினும், உண்மையில் அதனை இறக்கிவிடுகிறது. தறுதலை வேறென்ன செய்வான் என்று அவனே தன்னைத் தேற்றிக்கொள்வான். செய்தவன் என்று கருதப்படுபவனிடமே, இனிச் செய்யாதே என்று கேட்கவியலும்.

ஆசிரியர் அறையிலும் நன்னடத்தைப் பதிவேட்டிலும் நாள்தோறும் சொற்களைக் கையாள்பவர் நாம். மாணவன் செய்ததை நாளும் நேரமும் குறித்து உள்ளவாறு எழுதுவோம். அவன் இன்னான் என்று எழுதி முடித்துவிடாதிருப்போம்.